பல்பு எண்ணிப் பங்கு பிரித்த லயம்

ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். ஒரே வரிசையில் ஒட்டிக் கட்டிய தோட்டத்து வீடுகள்தான் எங்கள் லயம்; ஆறு வீட்டுக் கதவும் திறந்து கிடந்தது. பெரியவர், சின்னவர் எல்லோரும் முதல் வீட்டுச் சுவரில் இருந்த மீட்டர் பெட்டியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். கண்ணாடிக்கு உள்ளே இருந்த சக்கரம் அசையாமல் நின்றது. கரண்ட் வெட்டு நாட்களைத் தவிர அது அப்படி நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"எல்லாரும் எல்லாத்தையும் அணைச்சாச்சா?" என்று கந்தையா அண்ணன் கேட்டார். தோட்டத்தில் காவல் பார்க்கும் வாச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். லயத்துக்கு வரும் கரண்ட் பில்லைப் பங்கு போட்டுக் கட்டும் பொறுப்பு அவருடையது.

"ஆச்சு, ஆச்சு."

"லெச்சுமி, ஒன் ஃப்ரிட்ஜு?"

"வயரையே புடுங்கிட்டேன் அண்ணே. ஐஸ் எல்லாம் உருகுது, சுருக்கா முடிங்க."

சக்கரத்தின் விளிம்பில் ஒரு கறுப்புப் பொட்டு உண்டு. அது முன்னால் வந்து போனால் ஒரு சுற்று. ஒவ்வொரு வீடாக எல்லாவற்றையும் போட்டு, ஐந்து நிமிஷத்துக்குச் சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணப் போகிறோம். யோசனை என்னுடையது. நான் கையைக் கட்டிக்கொண்டு, கொஞ்சம் திமிராகவே நின்றேன். யார் வீட்டுக்குச் சக்கரம் பறக்கும் என்பது எனக்குத் தெரியும் என்ற நினைப்பு. லெச்சுமி வீட்டு ஃப்ரிட்ஜைத்தான் மனதுக்குள் குறி வைத்திருந்தேன்.

அந்தத் திமிர் எப்படிப் போனது என்று சொல்வதற்கு முன்னால் பல்பு கதையைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால், போன வாரம் நான் எழுதியதைப் படித்துவிட்டு என் தங்கை போன் பண்ணித் திட்டியது போல நீங்களும் திட்டுவீர்கள். "தலையும் இல்ல வாலும் இல்ல, நடுவுல புடிச்சு எழுதுற" என்றாள்.

வீட்டுக்கு ஒரு பல்பு

எங்களுடையது கரவனெல்லையிலிருந்து மேலே ஏறிப் போனால் வருகிற ரப்பர் தோட்டம். லயத்துக்குக் கரண்ட் வந்தபோது நான் கவுன் போட்டுத் திரிந்த வயது. வயர் இழுக்க வந்தவர்கள் லயத்துக்கு ஒரு மீட்டர் வைத்தார்கள். வீட்டுக்கு ஒரு பல்பு மாட்டினார்கள். அவ்வளவுதான்.

பல்பு முன்னறையான காம்பிராவில் எரியும். பின்னால் குசினி இருட்டாகத்தான் இருக்கும். அப்பா நடுச்சுவரின் தலையில் இரண்டு கல்லைப் பெயர்த்தெடுத்து, அந்த ஓட்டையில் பல்பைத் தொங்கவிட்டார். பாதி வெளிச்சம் எங்களுக்கு, பாதி வெளிச்சம் அம்மாவின் அடுப்புக்கு. குசினிப் புகை அந்த ஓட்டை வழியாக வந்து பல்பை ஒரே மாதத்தில் மஞ்சளாக்கிவிடும். சனிக்கிழமை தோறும் அதைச் சாம்பல் தொட்டுத் துடைப்பது என் வேலை.

பில் வந்ததும் பங்கு பிரிக்க ஒரு வழி வேண்டியிருந்தது. ஆறு வீடு, ஆறு பல்பு. ஆளுக்கு ஒரு பங்கு என்று பேசி முடித்தார்கள். பிறகு சிலர் குசினிக்கும் ஒரு பல்பு போட்டார்கள். போட்டவர்களுக்கு இரண்டு பங்கு. அப்படியே அது சட்டமாகிவிட்டது.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கந்தையா அண்ணன் வீடு வீடாக வருவார். வாசலில் நின்று கூரையைப் பார்த்து விரல் மடக்குவார். பிறகு டிவி வந்தது. ரைஸ் குக்கர் வந்தது. லெச்சுமி வீட்டுக்கு ஃப்ரிட்ஜே வந்தது. அவள் சின்னப் பைகளில் ஐஸ் பக்கெட் போட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு விற்றாள். என் வீட்டுத் தையல் மெஷினுக்கு மோட்டார் வந்தது. கந்தையா அண்ணன் அப்போதும் கூரையைத்தான் பார்த்தார். சட்டம் பல்புக்குத்தானே!

பில் சின்னதாக இருந்த வரைக்கும் இதில் யாருக்கும் குறை இல்லை. சொல்லப்போனால், வெளியூர் சொந்தக்காரர்களிடம் எங்கள் லயத்து ஒற்றுமையைப் பெருமையாகப் பேசுவோம்.

அரிசி டின்னுக்குள் வெளிச்சம்

பெற்றோலுக்கும் காஸுக்கும் நாடே வரிசையில் நின்றது நினைவிருக்கும். அதற்கு அடுத்த வருஷம் கரண்ட் விலை ஏறியது. அந்த மாதம் பில்லைப் பார்த்த கந்தையா அண்ணன் கண்ணாடியை இடுப்பில் கட்டிய சாரத்தில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். எழுத்து மாறவில்லை.

உடனே சிக்கனம் தொடங்கியது. எங்கள் ஆட்களுக்குச் சிக்கனம் என்றால் பல்பைக் கழற்றுவது. குசினி பல்பு போனது, வாசல் பல்பு போனது. எண்ண வருகிற ஞாயிற்றுக்கிழமை மட்டும் கழற்றி அரிசி டின்னுக்குள் ஒளித்தவர்களும் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன், இன்னும் அதே பீலியில்தான் தண்ணீர் பிடிக்கிறோம்.

எங்கள் லயம் இருண்டுபோனது. பொழுது சாய்ந்தால் பிள்ளைகள் ஒரே வெளிச்சத்தைச் சுற்றி உட்கார்ந்து எழுதினார்கள். ஆனால் பில் ஒரு ரூபாய்கூட இறங்கவில்லை. அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. இருட்டில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் சோறு பொங்கும் ரைஸ் குக்கரின் சின்னச் சிவப்பு விளக்கைப் பார்த்தபடி, "இவ்வளவு கஷ்டப்பட்டும் ஏன் குறையல?" என்று கேட்டுக்கொண்டோம். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பாக வருகிறது. அன்றைக்குச் சத்தியமாக யாருக்கும் விளங்கவில்லை.

வினை எனக்குத்தான் வந்தது. வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் ஓட்டுகிறவள் நான். மெஷினுக்கு மேல் ஒன்று, வெட்டும் மேசைக்கு மேல் ஒன்று, குசினியில் ஒன்று என்று மூன்று பல்பு. மற்ற ஐந்து வீட்டிலும் ஒவ்வொன்று. எட்டுப் பங்கில் மூன்று பங்கு என் தலையில் விழுந்தது.

பீலிக்கரையில் வாய் திறந்துவிட்டேன். "ஒத்த பல்ப எரிச்சுக்கிட்டு ஃப்ரிட்ஜுல ஐஸ் போட்டு விக்கிறா. அவளுக்கு ஒரு பங்கு, எனக்கு மூணு பங்கா? இது எந்த ஊரு நியாயம்?"

லெச்சுமி குடத்தைக் கீழே வைத்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவள், வாயில் மட்டும் மூத்தவள். "நீங்க என்ன அக்கா சும்மாவா தைக்கிறீங்க? எங்க ஐஸ் மட்டும்தான் ஒங்க கண்ணுல படுதா?"

அந்த மாதம் நான் மூன்று பங்கு கொடுக்க மாட்டேன் என்று நின்றுவிட்டேன். கந்தையா அண்ணனால் பில்லைக் கட்ட முடியவில்லை. சிவப்பு எழுத்தில் நோட்டீஸ் வந்தது. அவர் என் வாசலில் வந்து, உள்ளே வராமல் நின்றார்.

"இங்க பாரு புள்ள. மாசக் கடைசிக்குள்ள நீ ஒன் பங்க குடுக்கலன்னா ஒன் வீட்டு வயர கழட்டிரலாம்னு சொல்றாங்க. நான் சொல்லல, மத்த வீடெல்லாம் சொல்லுது."

அது டிசம்பர் மாதம். அரசாங்கம் கொடுத்த சீருடைத் துணி என் கட்டில் நிறையக் கிடந்தது. புது வருஷத்துக்குப் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் தோட்டத்தின் மூன்று பிரிவுப் பிள்ளைகளுக்கும் தைத்துக் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கம் மழைக்குக் கேட்கவே வேண்டாம். மழை பெய்தால் ரப்பர் மரத்தில் பால் வெட்டு இல்லை, பால் வெட்டு இல்லாத நாளில் என் வீட்டுக்காரருக்குப் பேரும் இல்லை, அன்றைய கூலியும் இல்லை. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் சோறு பொங்கியது தையல் காசில்தான். வயரைக் கழற்றினால் மெஷின் நிற்கும். மெஷின் நின்றால் எல்லாம் நிற்கும்.

எனக்குக் கோபம் வந்தால் அழுகை வராது, யோசனைதான் வரும். மீட்டர் பார்க்க வருகிற சிங்கள ஐயாவை நாங்கள் மாத்தயா என்போம்; அவர் ஒருமுறை சக்கரத்தைக் காட்டி, அது வேகமாகச் சுற்றினால் காசும் வேகமாகப் போகும் என்று விளையாட்டாகச் சொல்லியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, ஞாயித்துக்கிழம எல்லாரும் மீட்டருகிட்ட வாங்க. யாரு வீட்டுக்கு எம்புட்டு சுத்துதுன்னு பாப்போம். எனக்கு மூணு பங்குன்னு சக்கரம் சொன்னா, நான் வாயத் தொறக்காம குடுக்குறேன்" என்றேன்.

சக்கரம் சொன்னது

முதல் இரண்டு வீட்டாரும் பல்பு, டிவி, ஃபேன் மட்டும் போட்டார்கள். நாலைந்து சுற்றோடு நின்றது. மூன்றாவது லெச்சுமி வீடு. நான் கழுத்தை நீட்டிக்கொண்டு முன்னால் போனேன். அவள் ஃப்ரிட்ஜைப் போட்டாள். சக்கரம் அசமந்தமாக அசைந்து, ஐந்து நிமிஷத்தில் ஆறு சுற்று சுற்றியது.

"அம்புட்டுதானா?" என்றேன். என் குரலில் இருந்த ஏமாற்றம் எனக்கே கேட்டது.

அவள் ரைஸ் குக்கரைப் போட்டபோது சக்கரம் கொஞ்சம் ஓடியது. கூடியிருந்தவர்கள் ஆளை ஆள் பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அது ஒன்று இருந்தது.

என் முறை வந்தது. முதலில் மூன்று பல்பையும் போட்டேன். கறுப்புப் பொட்டு ஒருமுறை வந்து போவதற்கே ஐந்து நிமிஷமும் தேவைப்பட்டது. நான் மூன்று பங்கு கட்டிய மூன்று பல்பு!

"பாத்துக்கங்க! எல்லாரும் நல்லா பாத்துக்கங்க!" என்று கூவினேன். கந்தையா அண்ணன் தலையைச் சொறிந்தார். மோட்டாரைப் போட்டேன், அதற்கும் நாலு சுற்றுதான். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

லெச்சுமி மெதுவாகக் கேட்டாள். "அயன் பெட்டி இருக்கே அக்கா?"

இருந்தது. சீருடை கவுனுக்குப் பிளீட் வைக்க அது இல்லாமல் முடியாது. பகல் முழுக்க அதைச் சுவரில் சொருகித்தான் வைத்திருப்பேன். போய்ப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தேன்.

சக்கரம் அப்படி ஓடும் என்று நான் நினைத்ததே இல்லை. கறுப்புப் பொட்டு போன வேகத்திலேயே திரும்பி வந்தது. பிள்ளைகள் சத்தமாக எண்ணத் தொடங்கினார்கள். பத்து, பதினைந்து, இருபது. முப்பதைத் தாண்டியதும் கந்தையா அண்ணன் கையைத் தூக்கி, "போதும், போதும்" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.  திருடி அகப்பட்டிருந்தால்கூட அவ்வளவு வெட்கப்பட்டிருக்க மாட்டேன். நியாயம் என் பக்கம் என்று மூன்று மாதம் மார்தட்டியவள் நான். பீலிக்கரையில் லெச்சுமியை அத்தனை பேருக்கு முன்னால் பேசியவளும் நான்.

லெச்சுமி ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்தேன். சொல்வதற்கு உரிமையும் இருந்தது. அவள் கேட்டது இவ்வளவுதான். "அண்ணே, இப்ப நான் ஃப்ரிட்ஜு வயர சொருகவா? பாதி ஐஸு தண்ணியாயிருச்சு."

நான் உள்ளே போய் அயன் பெட்டியின் வயரைப் பிடுங்கினேன். வெளியே வந்து சொன்னேன். "பாக்கி மூணு பங்கையும் நாளைக்கு குடுத்துருவேன். இனிமே இந்த அயன் பெட்டி இந்த மீட்டருல சுத்தாது. ஆனா அண்ணே, பல்பு எண்ணுறதும் இன்னையோட போதும். பாவம் அந்தப் பல்பு, அது ஒன்னும் செய்யல."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தோம். இனி வீட்டுக்கு ஒரு பங்கு என்று பேசி முடித்தோம். அன்றைக்கு மாலை ஆறு வீட்டுக் குசினியிலும் வெளிச்சம் இருந்தது. ரைஸ் குக்கர்கள் ஒவ்வொன்றாக அலுமாரிக்கு மேலே ஏறின. தோட்டத்தில் பழைய ரப்பர் மரங்களைத் தறித்துப் போட்டிருந்த நேரம் அது, விறகுக்குப் பஞ்சம் இல்லை.

பிளீட் மேல் படுத்தவர்

சொல்லிவிட்டேனே ஒழிய, அயன் பெட்டி இல்லாமல் சீருடைக்கு எங்கே போவது? டவுனில் துணி வெளுப்பவர் ஒருவரிடம் பழைய கரி அயன் பெட்டி ஒன்று கிடந்தது. பேரம் பேசி வாங்கி வந்தேன். மூன்று கிலோ இரும்பு. சிரட்டையை எரித்துக் கரியாக்கி, உள்ளே போட்டு, ஊதி ஊதி, துணியில் வைத்த இரண்டாவது நாளே ஒரு பொறி விழுந்து வெள்ளைக் கவுனில் மிளகு அளவுக்கு ஓட்டை. அந்தப் பிள்ளைக்கு என் காசில் துணி வாங்கித் தைத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு கரியை வெளியே நன்றாகக் கனிய விட்டு, சாம்பலைத் தட்டிப் போடப் பழகிக்கொண்டேன்.

பிளீட்டுக்கு வேறு வழி கண்டுபிடித்தேன். கவுனை ஈரமாக்கி, பிளீட்டை மடித்து நூலோட்டி, பாய்க்கும் மெத்தைக்கும் நடுவில் வரிசையாக விரித்துவிடுவேன். என் வீட்டுக்காரர் நல்ல கனமான ஆள். அவர் படுத்து எழும்பினால் பிளீட் விறைத்து நிற்கும்.

"பொரண்டு படுக்கக்கூட விட மாட்டேங்கிறியே புள்ள" என்பார்.

"ஒரு பத்து நாளைக்குங்க. நேரா படுங்க."

அந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்த அன்று வரிசையில் நின்ற பிள்ளைகளைப் பார்த்து அவர், "இதுல பாதி பேரு கவுனு மேல நான் படுத்திருக்கேன்" என்றார். நான் அவர் தொடையில் கிள்ளினேன்.

ஒரு பெஞ்சும் ஒரு கடிதமும்

பில் இறங்கியது. ஆனால் நான் நினைத்த அளவுக்கு இறங்கவில்லை. மீட்டர் பார்க்க வந்த மாத்தயாவை நிறுத்திக் காரணம் கேட்டேன். அவர் தனக்குத் தெரிந்த தமிழில் பொறுமையாக விளக்கினார். யூனிட் ஏற ஏற ஒரு யூனிட்டின் விலையும் ஏறும். ஆறு வீட்டு யூனிட்டும் ஒரே மீட்டரில் விழுந்தால், நாங்கள் ஆறு ஏழைகளும் சேர்ந்து ஒரு பணக்கார வீட்டு விலை கட்ட வேண்டும்.

"ஆறு வீடு, ஆறு மீட்டர் எடுங்க அக்கே. அப்ப எல்லாருக்கும் அடு" என்றார். அடு என்றால் குறைவு.

தனி மீட்டர் எடுக்க வேண்டுமானால், இந்த வீட்டில் இருப்பது இன்னார்தான் என்று தோட்டத்துக் கடிதம் வேண்டும். எங்களுடைய லயம் தோட்டத்துக்குச் சொந்தம். நான் தோட்ட ஆபீசுக்குப் போனேன்.

கிளாக்கர் ஐயா தலை நிமிராமல் சொன்னார். "ஏம்மா, லயத்து ஆளுங்க யாருக்கும் இதுக்கு கடிதம் குடுத்தது இல்ல. ஒருத்தருக்கு குடுத்தா எல்லாரும் வந்து நிப்பாங்க."

"வந்து நிக்கட்டுமே ஐயா. நாங்கதானே இங்க இருக்கோம்."

"தொரைய கேக்கணும். தொரை இப்ப இல்ல."

"இருக்குறப்ப கேளுங்க. நான் வெளியில ஒக்காந்திருக்கேன்."

ஆபீஸ் வாசலில் ஒரு பெஞ்சு உண்டு. ஒரு பை நிறைய மடிப்புத் தைக்கிற துணியை எடுத்துக்கொண்டு போய் அதில் உட்கார்ந்தேன். கையூசிக்கு மீட்டர் தேவையில்லை. அன்றைக்குத் தோட்ட மேனேஜர் தொரை வரவில்லை. அடுத்த வாரம் போனேன், மீட்டிங் என்றார்கள். அதற்கு அடுத்த வாரம் போனேன், கொழும்பு என்றார்கள். வெறுங்கையோடு திரும்பும்போதெல்லாம் பத்துக் கவுனுக்கு மடிப்புத் தைத்து முடித்திருப்பேன். அதனால் எனக்கு நட்டம் ஒன்றும் இல்லை.

நாலாவது தடவை போனபோது பெஞ்சில் லெச்சுமி உட்கார்ந்திருந்தாள். பவுடர் போட்டு, நல்ல சேலை கட்டியிருந்தாள்.

"நீ எங்கடி இங்க?"

"எனக்கும் ஒரு மீட்டர் வேணும். ஒங்களுக்காகன்னு நெனச்சிக்காதீங்க" என்றாள். தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள்.

அன்றைக்குத் தொரையின் ஜீப் வந்தது. எங்களைப் பார்த்து என்ன விஷயம் என்று சிங்களத்தில் கேட்டார். எனக்குச் சிங்களம் கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான். லெச்சுமிக்கோ தண்ணி பட்ட பாடு. எழுந்து நின்று ஆறு வீடு, ஒரு மீட்டர், ஏறுகிற விலை, சக்கரம், என் அயன் பெட்டி எல்லாவற்றையும் கடகடவென்று சொன்னாள். அயன் பெட்டியைச் சொல்லும்போது என்னைக் கை காட்டினாள். தொரை சிரித்துவிட்டார். கிளாக்கரைக் கூப்பிட்டு, ஒன்று கொடுத்துப் பார்ப்போம் என்றார்.

ஒன்றுதான். கிளாக்கர் ஐயா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவளுக்கு எழுதுங்க ஐயா, இவதானே பேசுனா" என்றேன்.

"கரி அயன் பெட்டிய ஊதி கஷ்டப்படுறது அவங்க. அவங்க மெஷினு வெளிய போனா எங்களுக்கும் பில்லு எறங்கும். அவங்களுக்கே எழுதுங்க" என்றாள் லெச்சுமி.

வரும் வழியில் பீலி வந்ததும் நான் நின்று, "அன்னைக்கு பேசுனது தப்புதான்டி" என்றேன். "தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் நடந்தாள்.

மாத்தயா கூப்பிட்ட பெயர்

விண்ணப்பம், சோதனை, வயர், கட்டணம் என்று மாதங்கள் ஓடின. கடைசியில் என் கதவுக்குப் பக்கத்தில் புது மீட்டர் ஏறியது. அதில் சக்கரம் இல்லை, ஒரு சின்ன விளக்கு மினுங்குகிறது.

முதல் பில் போட மாத்தயா வந்த அன்று நான் மெஷினில் இருந்தேன். வாசலில் நின்று, "பாக்கியம் கவுத?" என்று கூப்பிட்டார். பாக்கியம் யார் என்று கேட்கிறார். இத்தனை வருஷம் எங்கள் லயத்துக்கு வந்தவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"நான்தான்" என்று ஓடினேன்.

பில்லை வாங்கி, தொகையைப் பார்ப்பதற்கு முன்னால் மேலே இருந்ததைப் பார்த்தேன். என் பெயர். அதற்குக் கீழே என் வீட்டு இலக்கம், லயம், பிரிவு, தோட்டம். எங்களுக்கு வரும் கடிதம் எல்லாம் தோட்ட ஆபீசுக்குத்தான் போகும். கட்டாகக் கிடந்து, யாராவது எடுத்து வந்தால் உண்டு. நான் இந்த வீட்டில்தான் இருக்கிறேன் என்று என் பெயரையும் இந்தக் கதவின் இலக்கத்தையும் சேர்த்து எழுதிய ஒரு காகிதம் அதுவரைக்கும் என்னிடம் இருந்ததில்லை. கரண்ட் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தி கண் கலங்கி நிற்பதை மாத்தயா வேறு விதமாக நினைத்திருப்பார். "பில்லு கூடவா அக்கே?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

என் வீட்டுக்காரர் ரப்பர் பால் ஸ்டோரிலிருந்து வந்ததும் அவரிடம் கொடுத்தேன். தொகையைப் பார்த்துவிட்டு, பரவாயில்லை, கட்டிவிடலாம் என்றார்.

லெச்சுமி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பில்லை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தடவை படித்தாள்.

"அக்கா, இத எனக்கு ஒரு ஃபோட்டோ கொப்பி எடுத்துக் குடுங்க. லயத்துல யாருக்கும் குடுத்தது இல்லன்னு அந்த கிளாக்கரு இனி எப்பிடி சொல்றாருன்னு பாப்போம்."

மறுநாள் பில்லைக் கட்ட டவுனுக்குப் போனேன். கட்டிவிட்டு, பக்கத்துக் கடையில் நானாவிடம் (முஸ்லிம் அண்ணனை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) அதைக் கொடுத்து ஐந்து பிரதி எடுக்கச் சொன்னேன்.

"ஒரு லைட் பில்லுக்கு எதுக்கும்மா அஞ்சு?" என்றார்.

"எங்க லயத்துல இன்னும் அஞ்சு வீடு இருக்கு நானா" என்றேன்.